தம்பி இல்லீங்க, தங்கச்சி

"உங்க பூனைய கொஞ்சம் அந்தப் பக்கம் வைக்கிறீங்களா?"

இளவேனில் கேட்டதில் 'கொஞ்சம்' என்ற சொல் மட்டும்தான் மரியாதை. மீதியெல்லாம் மிரட்டல்.

பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். அவன் மடியில் ஒரு துணிப்பை. பைக்குள்ளிருந்து ஒரு பழுப்புப் பூனை தலையை மட்டும் நீட்டி, அவள் காலடியில் இருந்த அட்டைப்பெட்டியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. அவனும் பார்த்தான்... பெட்டியை அல்ல, அவளை. அதுவும் ஒரு கோணல் கண்ணாடி வழியாக.

ரிச்மண்ட் டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு முதலில் படுவது அந்தக் கோணல்தான். இடது பக்கம் ஒரு நூல் இறங்கியிருந்தது. ஒரு திருகாணியை முறுக்கினால் சரியாகிவிடும். அதற்குப் பிறகுதான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்கள் தெரிந்தன. தூக்கம் போதாத கண்கள். ஆனாலும் சிரிப்பதற்குத் தயாராக இருந்த கண்கள்...

"இதுக்கு ஒரு கால் ஒடஞ்சு போச்சுங்க. மாவுக்கட்டு போட வந்திருக்குது. இந்த நெலமையில உங்க கோழிய என்ன பண்ணிரப் போவுது?"

"பாக்குற பார்வையே சரியில்ல."

"பூனையச் சொல்றீங்களா... என்னையச் சொல்றீங்களா?"

வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் அவள் சிரித்திருப்பாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்பதே மறந்துபோயிருந்தது. வெளியே ஆகஸ்ட் மழை கால்நடை மருத்துவமனையின் தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அம்மா சொர்ணம், ஈரத் தலையைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல், பெட்டியின் மூடியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது மாதிரி.

பிடுங்கித்தான் ஆயிற்றே ஒருமுறை.

மே மாதம் ஓசூர் சாலையில் ஒரு தண்ணீர் லாரி அர்ஜுனனை அடித்துப் போட்டுவிட்டுப் போனது. அவன் முதுகில் யாரோ ஒருவருடைய மதியச் சாப்பாடு இருந்தது. பாழாய்ப்போன கம்பெனி செயலியில் அது வெகுநேரம் வரை 'வழியில் இருக்கிறது' என்றே காட்டிக்கொண்டிருந்ததாம். வீட்டில் யாரும் அவனை அர்ஜுனன் என்று கூப்பிட்டதில்லை. அக்கா இளவேனில் 'தம்பி' என்று கூப்பிட, அதைக் கேட்டுக் கேட்டு அம்மாவும் தம்பி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டாள். அப்பா போன பிறகு அந்த வீட்டில் இருந்த ஒரே சத்தம் அவன்தான்.

சாவதற்குச் சில நாள் முன்னால் நீலசந்திரா வீட்டு மொட்டைமாடியில் ஒரு கோழியை அடைக்கு வைத்திருந்தான். டெலிவரிக்குப் போகிற இடத்திலெல்லாம் கோழி வளர்ப்பவர்களிடம் வாய் கொடுத்து, ஒன்றும் இரண்டுமாக வாங்கிச் சேர்த்த முட்டைகள். எது என்ன இனம், யாருக்கும் தெரியாது. அவனுடைய காரியத்தன்று, பந்தல் போட்டு எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்தபோது, மாடியிலிருந்து கீச்கீச்சென்று சத்தம் கேட்டது. சாவு விழுந்த நாள் முதல் ஒரு கை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாமல் கிடந்த சொர்ணம் அன்றைக்கு மாடிப்படியை ஓடி ஏறினாள். கறுப்பாக ஒரு குஞ்சு நேராக அவள் மடியில் வந்து ஏறியது. "தம்பி" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். அது தின்றால் இவள் தின்பாள். அது உறங்கினால் இவள் படுப்பாள்.

இப்போது தம்பிக்குச் சளி. நேற்றிலிருந்து அது தின்னவில்லை. எனவே சொர்ணமும் தின்னவில்லை. அதனால்தான் இளவேனில் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, தம்பியோடு சேர்த்து மிச்சமிருந்த மூன்று குஞ்சுகளையும் பெட்டியில் போட்டு ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். குஞ்சு என்றா சொல்வது... இரண்டு மாதம் தாண்டி, ஆளுக்கொரு நிறத்தில் நெடுநெடுவென்று வளர்ந்து நின்றன.

பூனைக்காரன் சும்மா இருக்கிற ரகம் இல்லை. பெட்டியின் ஓட்டை வழியே எட்டிப் பார்த்துவிட்டு, மூன்றும் மூணு ஜாதியாக இருக்கிறதே என்றான். உனக்குக் கோழி தெரியுமா என்கிற மாதிரி அவள் பார்த்தாள். தெரியும் என்றான். பெயர் சஞ்சய், ஊர் ராசிபுரம் பக்கம், இப்போது ஒக்கலிபுரத்தில் ரூம், வேலை கம்ப்யூட்டர் முன்னால், ஆனால் கோழியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது என்று கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னான்.

"அப்ப சொல்லுங்க பாக்கலாம்" என்றாள் இளவேனில். ஏன் சொன்னாள்? மழை விடவில்லை. டோக்கன் நகரவில்லை. அந்தக் குரலில் ஏதோ ஒன்று, பேசினால் பேசிக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது...

வெள்ளையை எடுத்தான். ஒரே பார்வை. கிரிராஜா கலப்பு, சேவல், கால் தடிமனைப் பாருங்க, கொண்டை இப்பவே செவந்து நிக்குது என்றான். செம்பழுப்பை எடுத்தான். நாட்டுக்கோழி, பெட்டை. இரண்டும் அவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்து வைத்திருந்தவைதான். சரியாகச் சொல்லிவிட்டானே என்று அவளுக்கே தெரியாமல் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதை அவன் பார்த்துவிட்டான். முகமெல்லாம் வெளிச்சமாயிற்று அவனுக்கு.

அப்போதுதான் சொர்ணம் வாயைத் திறந்தாள். வெளியாட்களிடம் அவள் பேசி மூன்று மாதம் ஆகிறது.

"என் தம்பியயும் பாத்துச் சொல்லுப்பா. எப்பக் கூவும்னு."

அவன் கறுப்பை இரண்டு கையாலும் வாங்கினான். அது திமிறாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அந்த நிமிர்வைப் பார்த்துத்தானே அம்மா சேவல் என்றாள்... அர்ஜுனனும் அப்படித்தான் நடப்பான், சட்டைப் பட்டனைத் திறந்துவிட்டுக்கொண்டு. சஞ்சய் வால் பக்கத்து முதுகு இறகை விரலால் தள்ளிப் பார்த்தான். நிமிர்ந்து நிற்பது சண்டைக்கோழி ரத்தம், கொண்டை கறுத்துக் கிடப்பது கருங்கோழி ரத்தம், அதுதான் எல்லோரையும் ஏமாத்துது, ஆனா இந்த இறகு ஏமாத்தாது, சேவலுக்கு ஈட்டி மாதிரி நீண்டு கூராகும், இது உருண்டை என்றான். சொல்லிவிட்டு வாய் நிறையச் சிரித்தான்.

"தம்பி இல்லீங்கம்மா இது... தங்கச்சி."

சொர்ணம் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. கையை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்தாள். எழுந்தாள். "போலாம் வா" என்றாள் மகளிடம், பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்புகிறவள் மாதிரி. பெட்டியைத் திரும்பியும் பார்க்காமல் மழையில் இறங்கி நடந்தாள்.

இளவேனில் அவன் கையிலிருந்து கோழியைப் பிடுங்கினாள். "என் தம்பி செத்துட்டான். இதுதான் அவன்னு நெனச்சிக்கிட்டுத்தான் எங்கம்மா இத்தன நாள் உசுரோட இருந்துச்சு. நல்லா சிரிச்சீங்க."

அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைவதை அவள் பார்த்தாள். பார்க்க ஆறுதலாக இருந்தது. அப்படியொரு ஆறுதல் தேவைப்பட்டதற்காகத் தன்மேலேயே அருவருப்பாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்த சொர்ணம் சுவரைப் பார்த்துப் படுத்தாள். கறுப்பு வந்து வந்து அவள் முதுகைக் கொத்தியது, திரும்பவில்லை. கஞ்சியை வாயருகே கொண்டு போனால் பல்லைக் கடித்துக்கொண்டாள். இளவேனிலுக்கு ஒரு யோசனை தோன்றியது, அசட்டு யோசனை. பயத்தில் வருவதெல்லாம் அப்படித்தான் வரும். வெள்ளைச் சேவலைத் தூக்கிக்கொண்டு போய், அம்மா, நாமதான் தப்பா நெனச்சுட்டோம், இதுதான் தம்பி போலிருக்கு, பாரு, கொண்டையெல்லாம் எப்படிச் செவந்திருக்கு என்று கெஞ்சினாள்.

சொர்ணம் கண்ணைத் திறந்து பார்த்தாள். "அது யாரு வூட்டுப் புள்ளையோ" என்றாள். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கீழ்வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு, இல்லாட்டி நீ இன்னொரு காரியம் பண்ண வேண்டிவரும் என்று வெளிப்படையாகவே சொன்னாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், அனுப்பினார்கள். குளுக்கோஸ் ஏறியது. அம்மா வரவில்லை, அவள் உடம்பு மட்டும்தான் திரும்பி வந்தது.

மறுநாள் மாலை இளவேனில் கால்நடை மருத்துவமனைக்குப் போனாள். மருந்து வாங்க என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்ட பூனையை அங்கேயே வைத்துப் பார்ப்பார்கள், அதைப் பார்க்க அவன் வருவான் என்று கணக்குப் போட்டதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. அதே பெஞ்ச். அதே கோணல் கண்ணாடி. அவளைக் கண்டதும் எழுந்தான். தினமும் வருவதாகச் சொன்னான். பூனைக்காக மட்டும் இல்லை என்பதை அவன் சொல்லவில்லை, காதுமடல் சிவந்து அதுவாகச் சொல்லிற்று.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவள் விடவில்லை. அதெல்லாம் வேண்டாம், ஒரு உதவி வேண்டும் என்றாள். வீட்டுக்கு வரவேண்டும். கோழியை இன்னொருமுறை பார்க்க வேண்டும். தப்பாகச் சொல்லிவிட்டேன், இது சேவல்தான் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

அவன் பக்கத்துக் கூண்டில் மாவுக்கட்டோடு கிடந்த பூனையின் காதைத் தடவினான்.

"நாளைக்கு அது முட்டை போட்டா என்னங்க பண்ணுவீங்க?"

"முட்டை போடுற வரைக்கும் எங்கம்மா இருக்கணும்ல?"

குரல் உடைந்துவிட்டது. உடையக் கூடாது என்று எவ்வளவோ பிடித்து வைத்திருந்தாள், ஒரு பஸ் சத்தம்கூடக் குறுக்கே வந்து காப்பாற்றவில்லை. அவன் கைக்குட்டையை எடுத்தான், அழுக்காக இருந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டான். "வர்றேனுங்க" என்றான். "சொல்லிர்றேன்."

இருவரும் பஸ் ஏறினார்கள். ஜன்னல் கண்ணாடியில் மழைத்துளி ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவன் முகம் மங்கலாகத் தெரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்... வெளியே பார்ப்பது போல. அம்மா அந்த நிலையில் கிடக்கும்போது உனக்கு இதுவும் வேண்டியிருக்கிறதா என்று மனசு கேட்டது. வேண்டியிருக்கிறது என்று மனசே பதிலும் சொன்னது.

மாடிப்படியோரம் அர்ஜுனனின் ஹெல்மெட் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சஞ்சய் அதைத் தொடாமல் ஒதுங்கி ஏறினான்.

சொர்ணம் அவனை அடையாளம் கண்டுகொண்டாள். எழுந்து உட்கார்ந்தாள். இளவேனில் கறுப்பைத் தூக்கி அவன் கையில் கொடுத்து, இவர் இன்னொரு தடவை பார்க்க வந்திருக்கிறார் என்றாள். சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று கண்ணால் கெஞ்சினாள். அவன் இறகைத் தள்ளிப் பார்த்தான், தொண்டையைச் செருமினான்.

"அது கெடக்கட்டும்" என்றாள் சொர்ணம். "அன்னிக்கி இன்னாத்துக்குச் சிரிச்ச நீ? அத்தச் சொல்லு."

இந்தக் கேள்வி வரும் என்று யாரும் நினைக்கவில்லை. அவன் கோழியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எங்கூர்ல குஞ்சு பொரிக்கிற கம்பெனி ஒண்ணு இருக்குதுங்கம்மா. முட்டைக்கோழிக் குஞ்சு. பன்னெண்டாவது முடிச்சு ரெண்டு வருசம் அங்கதான் வேல பாத்தேன். பொறந்த அன்னிக்கே எறக்கைய விரிச்சுப் பாத்துப் பிரிக்கணும். பெட்டைன்னா பெட்டியில. சேவல்னா..." நிறுத்தினான். "சேவல்னா சாக்குலங்க. முட்டையும் போடாது, கறிக்கும் ஆவாது. சாக்கு ரொம்புச்சுன்னா வாயக் கட்டிருவாங்க."

அவன் கறுப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"மேஸ்திரி ஒண்ணுதான் சொல்லிக் குடுத்தாரு. ஒரு தடவ பாரு, போட்டுரு. ரெண்டாவது தடவ பாத்தா கை நின்னுரும்னு. நான் பாக்கவே இல்லீங்க. ஒண்ணக்கூட ரெண்டாவது தடவ பாக்கல. பெட்டைன்னா எனக்கு... அது பொழச்சுக்கிச்சுன்னு அர்த்தம். வேற அர்த்தம் இருக்கும்னே தோணலீங்க. இது பொழச்சுக்கிச்சேன்னுதான் சிரிச்சேன்."

இளவேனிலுக்கு அவனை அப்படியே படியில் தள்ளிவிடலாம் போலிருந்தது. ஒரே ஒரு பொய். அதைக்கூடச் சொல்லத் துப்பில்லை. அதே சமயம் கோழியைப் பிடித்திருந்த அவன் விரல்கள் அதன் இறகை விடாமல் நீவிக்கொண்டிருப்பதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்...

"எத்தினி இருக்கும்?" என்றாள் சொர்ணம். "சாக்குல போனது."

"எண்ணலீங்கம்மா."

சொர்ணம் அவன் கைகளையே பார்த்தாள். பிறகு கையை நீட்டிக் கோழியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தலையிலிருந்து வால் வரை ஒருமுறை தடவினாள்.

"உஷாராத்தான் வந்துகிறான்" என்றாள் மெதுவாக. "ஆம்பளயா வந்தா சாக்குல போட்ருவானுங்க, ரோட்ல அடிச்சுப் போட்ருவானுங்கன்னு... இந்த தபா பெட்டையா வந்துகிறான். இல்ல தம்பி?"

அது சரியா தவறா, பைத்தியமா தெளிவா, எதுவும் இளவேனிலுக்கு விளங்கவில்லை. சொர்ணம் கேட்ட அடுத்த கேள்வி மட்டும் விளங்கியது. சோறு இருக்கிறதா என்று கேட்டாள்.

இளவேனில் தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். சொர்ணம் ஒரு பருக்கையைக் கோழிக்குக் கொடுத்தாள், ஒரு கவளத்தைத் தன் வாயில் வைத்தாள். மென்றுகொண்டே, பழைய சொர்ணம் எங்கிருந்தோ எட்டிப் பார்க்கிற மாதிரி, அவனைப் பார்த்து, நீங்க என்ன ஆளுங்கப்பா என்று விசாரித்தாள். நீலசந்திராவில் பெண் இருக்கிற வீட்டுக்கு ஓர் ஆண் வந்துவிட்டால் கேட்டே தீர வேண்டிய கேள்வி அது.

"அப்பா ஒண்ணு, அம்மா ஒண்ணுங்க. ஓடி வந்து கட்டிக்கிட்டாங்க. ரெண்டு பக்கமும் சேத்துக்கல." அவன் கோழியைக் காட்டினான். "நானும் இவனாட்டக் கலப்புதான்."

இவனாட்டம் என்றான், இவளாட்டம் என்று சொல்லவில்லை. அதை அம்மாவும் கவனித்தாள், மகளும் கவனித்தாள். சொர்ணம் இன்னொரு கவளம் எடுத்தாள்.

பஸ் ஸ்டாப்வரை அவனோடு நடந்தாள் இளவேனில். தூறல் விட்டபாடில்லை. சந்து முழுக்கச் சேறு. அம்மா இன்றைக்குச் சாப்பிட்டாள், நாளைக்கு எப்படியோ என்றாள். அவனுக்கும் அது தெரிந்திருந்தது, ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. அதற்காகவே அவனைப் பிடித்தது அவளுக்கு. வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொல்லிச் சொல்லித்தான் அவளைப் பாதி கொன்றிருந்தார்கள்.

"சொல்லச் சொன்னதச் சொல்லல நீங்க."

"முடியலீங்க. உங்கம்மா அப்படிக் கேட்டதுக்கப்புறம்..." நின்றுவிட்டான். "இனிமே உங்க கண்ணுல படக் கூடாதுன்னா சொல்லிருங்க. போயிர்றேன். ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்."

மழைத்துளி அவன் கண்ணாடியில் விழுந்து கோணலாகவே வழிந்தது.

"அந்தக் கம்பெனிய விட்டு வந்தும் எனக்கு அதே பழக்கமாப் போச்சுங்க. எதையும் ரெண்டாவது தடவ பாக்குறதில்ல. மனுசங்களையும்தான். பாத்தா கை நின்னுரும்னு பயம். அன்னிக்கி அந்த பெஞ்சுல..." குரல் இறங்கிவிட்டது. "உங்கள ரெண்டாவது தடவ பாத்துட்டேங்க."

சாவு வீட்டில் அழாத இளவேனில், இலை போட்ட அன்றும் அழாத இளவேனில், நீலசந்திரா சந்தில் காய்கறி வண்டிக்கும் சாக்கடைக்கும் நடுவில் நின்று அழுதாள். தம்பிக்காக அழுதாள், அம்மாவுக்காக அழுதாள், எண்ணப்படாமல் போன அந்தக் குஞ்சுகளுக்காகவும் அழுதாள். அவன் தொடவில்லை. போகவும் இல்லை. அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றான்.

பிறகு அவள் கையை நீட்டி அவன் கண்ணாடியைக் கழற்றினாள். துப்பட்டாவில் துடைத்தாள். இடது காம்பை லேசாக வளைத்து, மறுபடியும் அவன் முகத்தில் மாட்டிவிட்டாள். அப்போதைக்கு நேராக நின்றது.

"கடைக்கு வாங்க, திருகாணி போட்டுத் தர்றேன்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மூணாவது தடவ பாக்கணும்ல... சரியா பாக்க வேணாமா?"

பஸ் வந்தது. அவன் ஏறவில்லை. அது போய்விட்டது. அடுத்ததும் வந்தது.